மூன்று புள்ளி வட்டா

எங்கள் சட்ட உதவி நிலையத்தின் பொருட்பட்டியல் படிவத்தில் ஐந்தாவது நிரலின் பெயர் 'அடிப்பக்கம்'. மணமுறிவு வழக்கில் ஒருவர் மற்றவரின் வீட்டிலிருந்து திருப்பி எடுக்கும் ஒவ்வொரு பொருளையும் கவிழ்த்துப் பார்த்து, அடியில் என்ன இருக்கிறது என்று அங்கே எழுத வேண்டும். இப்போது வேலைக்கு வந்திருக்கும் பிள்ளைகள் கைபேசியில் படம் எடுத்து அனுப்பிவிடுகிறார்கள். வேகமான வேலைதான். ஆனால் அந்த நிரலைப் பார்த்தால் அவர்களுக்குச் சிரிப்பு வருகிறது.

"அக்கா, கதிரையக் கவுத்து என்னத்தக் காணுற?" என்று சென்ற மாதம் ஒருத்தி கேட்டாள்.

அந்த நிரலைச் சேர்த்தவள் நான். பதினொரு வருடம் களஉத்தியோகத்தராக இருந்துவிட்டு இந்த மாதத்துடன் விலகுகிறேன். முப்பத்தாறு வயதில் அனுபவக் கட்டுரையா என்று கேட்பவர்கள் கேட்கட்டும். சட்டம் படிக்க இடம் கிடைத்திருக்கிறது, போகிறேன். போவதற்கு முன் அந்த நிரலுக்குக் காரணம் சொல்லிவிட வேண்டும்.

என்னைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. அப்பா வாவியில் வலை வீசினார், அம்மா இறால் உரித்தார். எங்கள் வீட்டில் கைநாட்டு வைக்காமல் கையெழுத்து வைத்த முதல் ஆள் நான். நிலையத்தில் சேர்ந்து ஆறு மாதம் கோப்பு அடுக்கினேன். அடுத்த ஆறு மாதம் மற்றவர்கள் எழுதிய பட்டியல்களைப் பார்த்து எழுதினேன். நான் சொந்தமாக எழுதிய முதற் பட்டியல் மாவட்ட நீதிமன்றக் கோப்பில் சேர்ந்த அன்று, அதன் பிரதியை வீட்டுக்குக் கொண்டுபோய் அம்மாவிடம் காட்டினேன். அவர் கையைச் சேலையில் துடைத்துவிட்டுத்தான் அதைத் தொட்டார்.

வெளியூர் ஆட்களுக்கு எங்கள் வேலையை விளக்குவது கொஞ்சம் கடினம். மணமுறிவு என்றால் பெண் பெட்டியோடு தாய்வீடு போவாள் என்றுதான் அவர்கள் நினைப்பார்கள். மட்டக்களப்பில் வீடு பெண்ணுக்குச் சீதனமாக எழுதப்படுகிறது. கலியாணம் முடித்து அந்த வீட்டுக்குப் போய் இருப்பவன் ஆண். பிரிந்தால் வெளியே வருபவனும் அவன்தான். பத்து வருடம், பதினைந்து வருடம் வாழ்ந்த வீட்டின் வாசற் கடப்படியில், உரப்பையில் நான்கு சட்டையோடு நிற்கும் ஆண்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். உள்ளே போய்த் தன் பொருளைக் கேட்க அவர்களுக்கு வாய் வராது. அவர்களுக்காக நாங்கள் உள்ளே போவோம்.

மாங்கேணியில் ஒருவர், தான் நட்ட மாமரம் தன் பொருள் என்று பட்டியலில் எழுதச் சொல்லி ஒரே பிடியாக நின்றார். மனைவி உள்ளே இருந்து சத்தம் போட்டார்: "எழுதுங்க மிஸ், எழுதுங்க! வேரோட புடுங்கித் தோளில வச்சிக்கிட்டுப் போகச் சொல்லுங்க. நான் ஒழுங்கை முனைமட்டும் வந்து வழியனுப்புறன்." கடைசியில் வருடத்துக்கு ஒரு சாக்கு மாங்காய் என்று இணங்கினார்கள். எனக்குத் தெரிந்து இன்றும் அந்தச் சாக்கு போகிறது.

ஏறாவூரில் முஸ்லிம்களின் காதி நீதிமன்றத்தில் முடிந்த ஒரு வழக்கில், ஒரு பெண் தன் வாப்பா செய்து கொடுத்த தறியைத் திருப்பிக் கேட்டார். அந்தத் தறியைக் கணவரின் பட்டறையில் போட்டிருந்தார்கள். அதைக் கழற்றிக் கட்டிக் கொண்டுவர ஒரு பகல் முழுக்கப் போனது. கணவரே வந்து கட்டைகளுக்கு ஒன்று, இரண்டு என்று இலக்கமிட்டுக் கொடுத்தார். "கோணலாப் பூட்டினா நூல் அறுந்து போயிரும், அவவுக்குக் கோவம் வரும்," என்றார். பிரிந்த பிறகும் அவருக்கு அந்தக் கோபத்தில் பயம் இருந்தது.

என் மேலதிகாரி சுகந்தி மிஸ். சட்டத்தரணி. அப்போது அவருக்கு நாற்பது வயதிருக்கும். குரல் உயர்த்தி நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் பென்சில் சீவுவார். மேசையில் சீவல் குவிந்திருந்தால் அன்று நாங்கள் விடுமுறை கேட்கமாட்டோம். ஒரு வீட்டில் தேநீர் குடித்தால் மற்ற வீட்டிலும் குடிக்க வேண்டும், அல்லது இரண்டிலும் குடிக்கக் கூடாது என்பது அவருடைய கட்டளை. காலை பத்து மணிக்கு முன் யார் வீட்டுக்கும் போகமாட்டார். அடுப்பு வேலை முடியாத பெண்ணிடம் கையெழுத்து வாங்குவது அநியாயம் என்பார்.

பட்டியலுக்கு அவருக்கென்று ஒரு முறை இருந்தது. கணவனையும் மனைவியையும் தனித்தனி நாட்களில் அழைப்பார். கண்ணை மூடச் சொல்வார். "வாசலால வீட்டுக்குள்ள போங்க. இடப்பக்கம் என்ன இருக்கு?" என்று கேட்டு, அறை அறையாக நடக்க வைப்பார். நான் எழுதுவேன். ஒருவர் சொல்லி மற்றவர் மறந்த பொருளுக்குச் சண்டை வராது. இருவரும் சொல்வதில், யாரும் கேட்காமலே இருவரும் விவரம் சொல்லும் பொருள் ஒன்றோ இரண்டோ இருக்கும். வழக்கு அதில்தான் இருக்கிறது என்பார்.

யோகராசா, தவமலர் வழக்கில் அது ஒரு வட்டா.

வட்டா என்பது காலுள்ள பித்தளைத் தட்டு. கலியாணத்திலும் சடங்கிலும் செத்த வீட்டிலும் வெற்றிலை வைத்து நீட்டுவது. யோகராசா களுவாஞ்சிக்குடிக்காரர், மேசன். தவமலரின் வீடு வாவிக்கு அந்தப் பக்கம், படுவான்கரையில். பன்னிரண்டு வருடம் வாழ்ந்தார்கள். அதில் ஐந்து வருடம் அவர் கட்டாரில். திரும்பி வந்தபோது இருவருக்கும் பேச ஒன்றும் மிஞ்சியிருக்கவில்லை. அடியோ குடியோ இல்லை, பிள்ளைகளும் இல்லை. இருவருமே பிரியச் சம்மதித்தார்கள்.

"சாமித்தட்டுக்குக் கீழ, அலுமாரிக்கு இடப்பக்கம், சிவப்புத் துணியில சுத்தி," என்று கண்ணை மூடியபடி யோகராசா சொன்னார். நான்கு நாள் கழித்து தவமலரும் அதையே சொன்னார். துணி தன் கூறைச் சேலையின் ஓரத்துண்டு என்று மட்டும் சேர்த்துக்கொண்டார்.

அந்த வட்டா யோகராசாவின் தாயுடையது. தாய்வழிச் சொத்து, மகளிடம் போக வேண்டியது. ஆனால் கலியாணத்தன்று மாப்பிள்ளை வீட்டு வெற்றிலையோடு வந்த வட்டாவைத் தாய் திருப்பிக் கொண்டுபோகவில்லை. மகன் வெறுங்கையோடு பெண் வீட்டில் இருக்கக் கூடாது என்று விட்டுப்போனாராம். இப்போது யோகராசாவின் தங்கை வனிதாவின் மகளுக்குக் கலியாணம். அம்மாவின் வட்டாவில்தான் முதல் வெற்றிலை வைக்க வேண்டும் என்று வனிதா சொல்லிவிட்டார். யோகராசா வேறு எதையும் பெரிதாகக் கேட்கவில்லை. மேசன் கரண்டியைக்கூட மறந்திருந்தார்.

தவமலர் தர மறுத்தார். மாமி கடைசி இரண்டு வருடம் அவருடைய வீட்டில்தான் படுக்கையில் இருந்தார். மகன் கட்டாரில், மகளுக்கு அப்போது கடைசிப் பிள்ளை கைக்குழந்தை. குளிப்பாட்டியதும் ஊட்டியதும் தவமலர்.

"மாமி என்ட கையப் புடிச்சு, 'மகள், இத நீ வச்சிக்க' எண்டு சொன்னவ மிஸ். சாட்சிக்கு ஆரைக் கொண்டு வாற? வீட்டில நானும் அவவும்தான்."

சுகந்தி மிஸ் தவமலரின் குசினியில் அடுப்பருகே பலகையைப் போட்டு உட்கார்ந்தார். பென்சிலை எடுக்கவில்லை.

"மாமி தந்தது உண்மைதான் தவமலர். நான் நம்புறன். அது மகள்ர பக்கம் போகவேண்டிய சாமான் எண்டதும் அவவுக்குத் தெரியும். நீர் ரெண்டையும் வச்சு யோசியும். நாங்க அவசரப்படல்ல."

மூன்றாம் நாள் தவமலர் தொலைபேசி எடுத்தார். "குடுக்கிறன் மிஸ். அந்தப் புள்ள கலியாணப்பொண்ணு, சின்னதில என்ட மடியிலதான் கிடப்பா. நல்லது நடக்கட்டும்."

ஒப்படைப்புக்கு நான் போனேன். கிராம உத்தியோகத்தர் கடப்படியில் கதிரை போட்டு இருந்தார். தவமலர் பழப்புளியும் சாம்பலும் போட்டு மினுக்கிய வட்டாவை அதே சிவப்புத் துணியில் சுற்றிக் கொண்டுவந்தார். நான் பட்டியலை உரத்து வாசித்தேன். ஒவ்வொன்றுக்கும் இருவரும் "ஓம்" என்றார்கள். யோகராசா கையெழுத்து வைத்தார். வெட்டுக் கொத்து இல்லாத, அச்சடித்தது போன்ற பட்டியல். திரும்பும் வழியெல்லாம் அதை எடுத்து எடுத்துப் பார்த்தேன்.

மூன்று நாள் கழித்து யோகராசா அழைத்தார். "உடனே வாங்க மிஸ்."

வனிதாவின் வளவில் பந்தல்கால் நட்டிருந்தார்கள். வனிதா வட்டாவைக் கவிழ்த்து என் முன் வைத்தார்.

"அம்மாட வட்டாவில காலுக்குக் கீழ மூணு புள்ளி. ஆணி வச்சு அவவே குத்தினவ, நான் பக்கத்தில இருந்து பாத்தனான். இதப் பாருங்க, கோடு! ஆரோ அரத்தால போட்ட கோடு. நல்ல வட்டாவ ஒளிச்சுப்போட்டு, எங்கேயோ கிடந்ததத் தந்து ஏமாத்திட்டா."

"அவ அப்பிடிச் செய்யிற ஆளில்ல," என்றார் யோகராசா. பிறகு, "செய்யமாட்டா எண்டுதான் நினைச்சன்," என்று மெதுவாகச் சொன்னார். இரண்டாவது சொன்னதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

என் பட்டியலை எடுத்தேன். 'வட்டா (பித்தளை) – 1.' அழகான எழுத்து. புள்ளியும் இல்லை, கோடும் இல்லை. எந்த வட்டா என்று என் எழுத்து சொல்லவில்லை. வாவியோரம் வளர்ந்தவள் நான். கலியாண வீட்டுக்கு வட்டா இரவல் கொடுக்கும்போது அடியில் அடையாளம் இருக்கிறதா என்று அம்மா கவிழ்த்துப் பார்ப்பதை எத்தனை முறை பார்த்திருப்பேன். வேலைக்கு வந்ததும் அது எனக்கு மறந்துவிட்டது. படித்தவள் எழுதுவாள், கவிழ்த்துப் பார்ப்பது அம்மாவின் வேலை என்று என்னை அறியாமலே நினைத்திருந்தேன் போலும்.

கலியாணத்துக்குப் பதினொரு நாள் இருந்தது. பொலிசுக்குப் போகப்போவதாக வனிதா சொன்னார். இரண்டு நாள் தவணை கேட்டுக்கொண்டு வந்தேன்.

சுகந்தி மிஸ் பட்டியலைப் படித்தார். பென்சிலை எடுத்துச் சீவத் தொடங்கினார். நான் நின்றுகொண்டிருந்தேன்.

"ஒரு வட்டா எண்டு எழுதியிருக்கு. ஒரு வட்டா போயிருக்கு. நீதிமன்றத்தில இது போதும்," என்றார். பிறகு சீவலை ஊதிவிட்டார். "ஆனா நான் அங்க போய் அப்பிடிச் சொல்லமாட்டன். நீர் கவுத்துப் பாக்கல்ல. பாக்கவேணும் எண்டு நானும் சொல்லித் தரல்ல. எனக்கு அது தெரியாது, நான் டவுனில வளந்தனான். உமக்குத் தெரிஞ்சிருக்கவேணும்."

"ஓம் மிஸ்."

"தவமலரிட்டப் போம். கேள்வி கேக்கப் போகாதேயும். எங்கட பிழையச் சொல்லப் போம்."

அப்படித்தான் போனேன். பட்டியலைக் காட்டி, நான் விட்ட பிழையை முதலில் சொன்னேன். கோட்டையும் புள்ளியையும் பிறகு சொன்னேன். தவமலர் தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். கை நின்றது. ஏமாற்றியதாகச் சொல்கிறார்கள் என்பதற்குக் கோபப்படுவார் என்று நினைத்தேன். அது அவர் காதில் விழவே இல்லை.

"அப்ப ஆறு வருசமா நான் ஆர்ர வட்டாவக் கட்டிப்புடிச்சு அழுதன்?"

அவர் பாலைப் பிழிந்து முடித்து, கையைக் கழுவி, வந்து என் பக்கத்தில் இருந்தார்.

"மாமி செத்த முப்பத்தோராம் நாள்," என்றார். "சனம் கூடிப்போச்சு. எங்கட வட்டா போதாது எண்டு இந்த ஒழுங்கையில அஞ்சு வீட்டில இரவல் வாங்கினம். பின்னேரம் எல்லாத்தையும் கிணத்தடியில ஒண்டாப் போட்டுக் கழுவினது. ஆர் எத எடுத்திச்சினமோ. மாமி புள்ளி குத்தினது எனக்குத் தெரியாது, அண்டைக்குக் கண்ணும் தெரியல்ல."

இருவரும் ஒழுங்கையில் இறங்கினோம். முதல் வீட்டில் வட்டாவைக் கவிழ்த்தால் சிவப்புப் பெயின்ட். அவர்களுடையதேதான். இரண்டாம் வீட்டில் வீட்டுக்கார அம்மா தன் அடையாளம் நட்சத்திரம் என்று சத்தியம் பண்ணினார். கவிழ்த்தால் 'க' என்று இருந்தது.

"ஐயோ, இது கமலாட வட்டா! என்ட மகள்ர சாமத்தியச் சடங்குக்கு இதிலதானே வெத்திலை வச்சன்!" என்று வாயில் கையை வைத்தார். கமலா மூன்றாம் வீட்டில் இருந்து எட்டிப் பார்த்தார். "அதான் என்ட வீட்டில ஒரு நட்சத்திரம் கிடக்குதா? நான் கடைக்காரன் போட்டதெண்டு நினைச்சன் கா!" ஒழுங்கை முழுக்கப் பெண்கள் வட்டாக்களைக் கவிழ்த்துக்கொண்டு நின்றார்கள். சிரிப்பை அடக்க முடியவில்லை. தவமலரும் சிரித்தார்.

நான்காம் வீட்டில் அவர்களுடையதே இருந்தது. ஐந்தாவது வீடு பாக்கியம் அக்காவுடையது. தனியே இருக்கும் பெண். வட்டாவா என்று யோசித்து, உள்ளே போய், உடுப்புக் கிளிப்பும் ஊசிநூலும் போட்டிருந்த கறுத்த தட்டொன்றைக் கொண்டுவந்தார். கால் ஒரு பக்கம் கோணல். தவமலர் கிளிப்புகளை மடியில் கொட்டிவிட்டுக் கவிழ்த்தார். மூன்று புள்ளி.

"என்ட அடையாளம் கோடு, நான் கவுத்தே பாக்கல்ல. உங்கட செத்த வீட்டால வரக்குள்ளயே கால் நெளிஞ்சு வந்திச்சு புள்ள," என்றார் பாக்கியம் அக்கா. "வெத்திலை வச்சா சரியுது. அதான் கிளிப்புப் போட்டன்."

"நெளிஞ்சிருக்கு எண்டு எனக்கிட்டச் சொல்லியிருக்கலாமே அக்கா?"

"செத்த வீட்டுக்குக் குடுத்த சாமானுக்கு ஆரும் கணக்குக் கேப்பாங்களா? மாமியப் பறிகுடுத்திட்டு நிக்கிறாய். நான் வந்து, என்ட வட்டாவ நெளிச்சுப்போட்டாய் எண்டு சொல்லுறதா?"

ஆறு வருடம் அவர் அந்தக் கோணலைத் தன் நட்டமாகவே வைத்திருந்தார். கேட்டிருந்தால் அன்றே தெரிந்திருக்கும். கேட்காதது அவருடைய மரியாதை.

அந்த வட்டாவை நான் வாங்கிக்கொண்டு போயிருக்கலாம். தவமலர் விடவில்லை. "நான் வாறன் மிஸ். கள்ளி எண்டு சொன்ன வாசலுக்கு நானே கொண்டு போறன்," என்றார்.

அடுத்த நாள் காலை வாவியைக் கடந்து களுவாஞ்சிக்குடிக்குப் போனோம். வனிதா வாசலில் நின்றார். 'வாங்க' என்று சொல்லவில்லை. தவமலர் கறுத்த வட்டாவைக் கவிழ்த்தபடியே நீட்டினார். வனிதா விரலால் ஒன்று, இரண்டு, மூன்று என்று தடவினார். முப்பத்தோராம் நாளின் கதையை நான் சொன்னேன். சொல்லி முடிய முன்னரே வனிதா முகத்தைச் சேலையால் மூடிக்கொண்டார்.

"அண்டைக்கு வட்டாவக் கழுவினது நான்தான் மச்சாள்," என்றார். "கிணத்தடியில கைதவறி ஒண்டு விழுந்தது. பயத்தில ஆருக்கும் சொல்லல்ல."

தவமலர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். "புளி இருக்கா?" என்று கேட்டார்.

யோகராசா பின்வளவிலிருந்து வந்தார். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். யோகராசா வட்டாவை வாங்கி, கோணற்காலுக்குக் கீழே பழந்துணியை மடித்து வைத்து, மரச்சுத்தியலால் மெல்ல மெல்லத் தட்டினார். தரையில் வைத்துப் பார்த்தார். ஆடியது. மறுபடி தட்டினார். நேராகியதும் தவமலரிடம் கொடுத்துவிட்டு, கிணற்றில் ஒரு வாளி தண்ணீர் அள்ளி அவர் பக்கத்தில் வைத்தார். தவமலர் புளியைக் கரைத்துத் தேய்க்கத் தொடங்கினார். ஆறு வருடக் கறுப்பு போக அரைமணி நேரம் எடுத்தது. யோகராசா இன்னும் இரண்டு வாளி அள்ளினார்.

அவர்கள் மறுபடி சேரவில்லை. அந்த மாதமே வழக்கு முடிந்தது. இதை வாசிப்பவர்கள் வேறு எதையும் எதிர்பார்த்துவிடக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன்.

நான் புதிய தாளில் எழுதினேன்: 'வட்டா, பித்தளை, ஒன்று. அடிப்பக்கம்: ஆணியால் குத்திய மூன்று புள்ளி. கால் நிமிர்த்தப்பட்டது.' யோகராசா கையெழுத்து வைத்தார். வனிதா மற்ற வட்டாவை, கோடு போட்டதை, சிவப்புத் துணியோடு கொண்டுவந்து என்னிடம் தந்தார். பாக்கியம் அக்காவுக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டியது. தவமலர் அதை என் கையிலிருந்து வாங்கினார். விரித்தார். மறுபடி சுற்றினார்.

"மிஸ், பாக்கியமக்காட்ட இதக் கேட்டா தருவாவா?"

அங்கிருந்தே அழைத்தோம். பாக்கியம் அக்காவின் குரல் வளவு முழுக்கக் கேட்டது. "அது உன்ட கைபட்டு மினுங்கிக் கிடக்கு, எனக்கு என்னத்துக்கு? நீயே வச்சிக்கோ புள்ள. கிளிப்புப் போட எனக்கு ஒரு பிளாத்திக்குப் பெட்டி வாங்கித் தா, காணும்."

வனிதாவே சிரித்துவிட்டார். கலியாணத்துக்கு வர வேண்டும் என்று தவமலரின் கையைப் பிடித்துச் சொன்னார். தவமலர் பார்ப்போம் என்றார்.

திரும்பும் படகில் கூட்டம். மோட்டார் சைக்கிள்களுக்கு நடுவே, கீரைக்கட்டுகளோடு இருந்த ஒரு பெண் கொஞ்சம் ஒதுங்கி எங்களுக்கு இடம் தந்தார். தவமலர் மடியில் துணி விலகி, பித்தளையில் வெயில் பட்டது.

"நல்ல வட்டாவா இருக்கே, ஆர்ர புள்ள?" என்று அந்தப் பெண் கேட்டார்.

தவமலர் துணியை இழுத்து மூடவில்லை.

"மாமிர," என்றார். "அவ எனக்குத் தந்தவ."